ஓராண்டுத் தலைவரும் பத்தாண்டு உறுப்பினரும்

ஜூன் 2, காலை (வாசகர் கேள்வி)

நான் ஒரு சேவைச் சங்கத்தில் உறுப்பினர் குழுவுக்குப் பொறுப்பேற்கப் போகிறேன். ஆள் சேர்ப்பது எங்களுக்குக் கடினமாக இல்லை. நண்பர், நண்பரின் நண்பர் என்று ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டுச் சந்தா கட்டும் நேரம் வந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். கேட்டால் ‘நேரமில்லை’ என்கிறார்கள். சுற்றுலா, விருது, சந்தாவில் தள்ளுபடி என்று என்னென்னவோ யோசித்துப் பார்த்துவிட்டோம். வந்தவர்களை நிலைக்கவைக்க என்னதான் கொடுக்க வேண்டும்?

ஜூன் 2, இரவு

கொடுப்பதை விடுங்கள். அவர்களிடம் எதையாவது கேளுங்கள்.

விலகியவர்களில் சிலரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஏன் விலகினீர்கள் என்று கேட்க வேண்டாம். அதற்கு மரியாதையான பதில்தான் வரும். ‘சங்கத்துக்காக நீங்கள் கடைசியாகச் செய்த வேலை எது?’ என்று கேளுங்கள். நான் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். ‘கூட்டத்துக்கு வந்தேன்’, ‘குழுப்படத்தில் நின்றேன்’, ‘நன்கொடை கொடுத்தேன்’ என்பவைதான் பெரும்பாலும் வரும் பதில்கள். ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ‘ஒரு விழாவில் நாற்காலி எடுத்துப் போட்டேன்’ என்றார். அவர் கட்டுமானப் பொறியாளர். அதே ஆண்டில் அதே சங்கம், ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்ட மதிப்பீடு தயாரித்துத் தரும் ஆளை வெளியே தேடிக்கொண்டிருந்தது. தங்கள் இருபது பேருக்குள் ஒரு பொறியாளர் இருப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவரும் ‘நேரமில்லை’ என்றுதான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ‘நான் வராவிட்டாலும் அங்கே எதுவும் நின்றுவிடாது’ என்பதைத்தான் அவர் அப்படி எழுதியிருக்கிறார்.

ஜூன் 3

‘சேவை என்பதெல்லாம் பேச்சு, தொடர்புகளுக்காகத்தான் சேருகிறார்கள், தொழில் பெருகினால் இருப்பார்கள், இல்லாவிட்டால் போவார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொடர்புகளுக்காகச் சேருவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ரோட்டரியே அப்படித்தான் தொடங்கியது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில், வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர், தையல் தொழில் நடத்திய ஹைரம் ஷோரி ஆகிய நால்வரும் கூடியபோது உலகத்துக்குச் சேவை செய்யும் எண்ணம் அங்கே இல்லை. நட்பு, அதோடு ஒருவருக்கொருவர் தொழில் வாய்ப்பு, அவ்வளவுதான். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடினார்கள். சுழற்சியைக் குறிக்கும் ‘ரோட்டரி’ என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது.

அடுத்த ஆண்டு, காப்புரிமை வழக்கறிஞர் டொனால்ட் கார்ட்டரைச் சேரும்படி அழைத்தபோது அவர் மறுத்தார். தன் உறுப்பினர்களைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் செய்யாத சங்கத்துக்கு எதிர்காலமில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. குறையைச் சொன்னவரையே உள்ளே அழைத்துச் சங்கத்தின் நோக்கங்களில் ஊர் நலனையும் சேர்க்கச் செய்தார்கள். 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறைகள் அமைக்க மற்ற அமைப்புகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதுதான் ரோட்டரியின் முதல் பொதுப்பணி.

உங்கள் சங்கத்தில் சேர மறுத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். சேர்ந்தவர்கள் சொல்லத் தயங்குவதை அவர் சொல்லிவிடுவார்.

ஜூன் 4

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த நால்வரில் லோர் சில ஆண்டுகளே உறுப்பினராக இருந்தார். எந்தப் பொறுப்பையும் வகித்ததில்லை. முதல் கூட்டம் நடந்ததே அவருடைய அலுவலகத்தில். ஷீல் முதல் தலைவர். நாற்பது ஆண்டுகள் கழித்து 1945இல் ரோட்டரி இன்டர்நேஷனலின் பொருளாளர். ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே நோக்கத்தோடு உட்கார்ந்தவர்கள்தான் இருவரும். விலகியவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, அவருக்கு என்ன காரணங்கள் இருந்தனவோ. முதல் நாள் உற்சாகத்தை வைத்து யார் நிலைப்பார் என்று கணித்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். சேர்க்கும்போது ‘இவர் தீவிரமானவர், இவர் சும்மா வருகிறவர்’ என்று முத்திரை குத்துகிறோமே, அதை விட்டுவிட வேண்டும்.

ஜூன் 8

சில நாட்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேவைச் சங்கங்களின் பெரிய பலவீனம் அவற்றின் நாட்காட்டியிலேயே இருக்கிறது என்பது என் முடிவு.

ரோட்டரியிலும் அரிமாவிலும் (லயன்ஸ் சங்கம்) ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஒரு தலைவருக்கு ஓர் ஆண்டு. பதவி ஒரே கையில் தேங்காமலிருக்க இது நல்ல ஏற்பாடு. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தலைவரோடு சேர்ந்து வேலையும் மாறிவிடுகிறது. ஜூலையில் புதிய முழக்கம், புதிய திட்டம், புதிய பதாகை. ஏப்ரலில் அது சூடு பிடிக்கிறது. மே மாதம் அறிக்கை எழுதுகிறார்கள். ஜூன் மாதம் படங்களைத் தொகுத்து விருதுக்கு அனுப்புகிறார்கள். மறுபடி ஜூலை. முந்தைய ஆண்டு நட்ட மரக்கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால், ‘அது போன தலைவருடைய திட்டம்’ என்று பதில் வருகிறது.

இரண்டு ஆண்டுகள் இதைப் பார்த்த உறுப்பினர் மூன்றாம் ஆண்டில் என்ன நினைப்பார்? இங்கே எதுவும் வளர்வதில்லை, தொடங்குவது மட்டுமே நடக்கிறது என்று நினைப்பார். அந்த நினைப்பு வந்தபின் அவரை எந்த விருதாலும் பிடித்துவைக்க முடியாது.

இதற்கு நேரெதிரான உதாரணமும் அதே அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. 1979இல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி தொடங்கியது. 1985இல் அது போலியோபிளஸ் என்ற உலகத் திட்டமாயிற்று. 1988இல் உலக சுகாதார நிறுவனத்தோடும் மற்ற அமைப்புகளோடும் சேர்ந்து ஒழிப்பு இயக்கமாக விரிந்தது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்த நோய், இன்று இயற்கையான வைரஸாக ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டுமே தொடர்ந்து பரவுகிறது. இதற்கிடையில் எத்தனை தலைவர்கள், சங்கங்களுக்கு மேலே எத்தனை மாவட்ட ஆளுநர்கள் வந்துபோயிருப்பார்கள்! வேலை ஒன்றாகவே இருந்தது. குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன உறுப்பினர்களிடம் பேசிப் பாருங்கள். ‘எந்தத் தலைவர் காலத்தில்?’ என்று கேட்டால் அவர்களுக்கு நினைவிருக்காது. எந்தத் தெரு என்பது நினைவிருக்கும்.

அரிமாவும் அப்படித்தான். 1917இல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கிய அமைப்பு அது. 1925இல் ஒஹையோவில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் மேடையேறி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாகும்படி அவர்களிடம் கேட்டார். அன்று எடுத்த வேலையை நூறாண்டாகியும் அவர்கள் கீழே வைக்கவில்லை. ‘அரிமா சங்கமா, கண் முகாம் நடத்துவார்களே’ என்று சங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடச் சொல்கிறார் அல்லவா? உறுப்பினருக்கும் அது தெரிகிறது: தான் வருவதற்கு முன்பே இருந்த, தான் போன பின்பும் இருக்கப்போகிற ஒரு வேலையில் தன் கையும் இருக்கிறது என்று.

உறுப்பினரின் காலம் தலைவரின் காலத்தைவிட நீளமானது. அவருக்குக் கொடுக்கும் வேலையும் அப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 9

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ‘போலியோ, பார்வை எல்லாம் உலக அளவிலான விஷயம், இருபது பேர் கொண்ட சங்கம் என்ன செய்யும்?’ என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஓர் உறுப்பினரைப் பற்றிச் சொல்கிறேன்.

மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர். மேடையில் பேசமாட்டார். அவருடைய சங்கம் ஆண்டுக்குச் சில முறை கண்புரை முகாம் நடத்தும். அறுவைச் சிகிச்சை முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கலைந்த பிறகு இவருடைய வேலை தொடங்குகிறது. நீளவாட்டில் கோடு போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார். முதல் கட்டத்தில் பெயர். அடுத்ததில் ‘வலது’ அல்லது ‘இடது’. அதற்கடுத்து வீட்டில் சொட்டு மருந்து ஊற்றிவிடுபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். நோயாளியின் எண்ணைவிட அதுதான் முக்கியம் என்பார். பிறகு மூன்றாம் நாள், பத்தாம் நாள், நாற்பதாம் நாள் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொருவரையும் அந்தந்த நாளில் கூப்பிடுகிறார். ‘சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதா? மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இருந்தால் ஏன் இருக்கிறது?’ கண் சிவந்திருக்கிறது, வலிக்கிறது என்று யாராவது சொன்னால் சிவப்பு மையில் வட்டமிட்டு உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்கிறார்.

யாரும் அவரை இதற்கு நியமிக்கவில்லை. ஒரு முகாம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பாட்டியைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். சொட்டு மருந்து தீர்ந்ததும் வேறு வாங்கத் தெரியாமல் அந்த அம்மா சும்மா இருந்துவிட்டார். அன்று தொடங்கியது அந்தப் புத்தகம். இப்போது முதல் புத்தகம் தீர்ந்து அடுத்தடுத்த புத்தகங்கள் வந்துவிட்டன. அவர் சங்கத்தை விட்டு விலகுவாரா என்ற கேள்வியே எழாது. உலகத் திட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. மேசை மேல் ஒரு புத்தகமும் தொலைபேசியும்தான் இருக்கின்றன.

கவனியுங்கள்: அவருடைய தொழிலும் இந்த வேலையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மருந்தைப் பற்றி நோயாளியிடம் எப்படிக் கேட்டால் உண்மையான பதில் வரும் என்பது வாழ்நாள் முழுதும் கடையில் நின்றவருக்குத் தெரியும். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரைச் சேர்ப்பது என்று ரோட்டரி முன்பு வைத்திருந்த வழக்கத்தின் பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11

நீண்டகால வேலை ஒன்றே போதும் என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யோசித்துப் பார்த்தால், வேலையே வேண்டாம், நாலு பேரோடு இருந்தால் போதும் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் தாழ்வாகப் பார்க்கிறோம். பால் ஹாரிஸ் சங்கம் தொடங்கியதே தனிமையால்தான். வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்ட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், சிகாகோவில் யாரையும் நெருக்கமாகத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தார். ஊரில் கிடைத்த நட்பை நகரத்தில் உண்டாக்க முடியாதா என்பதுதான் அவருடைய கேள்வி.

எனவே இரண்டாவது ஒன்று வேண்டும்: அவர் வராததைக் கவனிக்க ஒருவர். குழுத்தலைவர் கவனிப்பது போதாது. ‘இன்று அவர் வரவில்லையே’ என்று தானாகவே நினைக்கும் ஒருவர். சேர்த்துவிட்டவர்தான் இதற்கு உரியவர் என்று எல்லா விதிப்புத்தகங்களும் சொல்கின்றன. நடைமுறையில் சட்டையில் சின்னம் குத்திய அன்றோடு சேர்த்துவிட்டவரின் கடமை முடிந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் புதியவர் வாசலில் நின்று எந்த மேசையில் உட்காருவது என்று பார்க்கிறார். ஒவ்வொரு மேசையிலும் பழைய நண்பர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்குகிறார். அந்த நிமிடத்தில் அவரை இழக்கிறோம். விலகல் கடிதம் வர இன்னும் பத்து மாதங்கள் ஆகும், அவ்வளவுதான்.

முதல் ஆறு கூட்டங்களுக்குப் புதியவருக்குப் பக்கத்து நாற்காலி யாருடையது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆள். செலவே இல்லாத ஏற்பாடு.

ஜூன் 14

வருகைப் பதிவைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் ரோட்டரியில் வாராந்தரக் கூட்டம் கட்டாயம். தவறவிட்டால் வேறு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் ஈடுசெய்ய வேண்டும். 2016இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் அவை அவற்றைத் தளர்த்தியது. மாதம் இரண்டு முறையேனும் கூடினால் போதும்; நேரிலோ இணையத்திலோ சேவைப் பணியாகவோ அது இருக்கலாம் என்றாயிற்று. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் கூட்டங்களைக் குறைத்தால் உறுப்பினர் நிலைப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். சலிப்பூட்டும் கூட்டத்தை வாரம் ஒருமுறைக்குப் பதில் மாதம் இருமுறை நடத்தினால் சலிப்பு பாதியாகக் குறையும். மதிப்பு எங்கிருந்து வரும்?

ஒரு கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். வரவேற்புரை. சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் உரை. அவருடைய பட்டங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. சிறப்புரை. வாழ்த்துரை, அதுவும் ஒருவர் அல்ல. செயலாளர் அறிக்கை. நன்றியுரை, அதில் முதலிலிருந்து எல்லாப் பெயர்களும் மறுபடி. இத்தனையிலும் சாதாரண உறுப்பினர் வாய் திறக்கும் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு மணி நேரம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

நான் பார்த்ததில் நன்றாக நடந்த மாற்றம் ஒன்று: ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் உறுப்பினர் பத்து நிமிடம் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். தன் பெருமையைச் சொல்லக்கூடாது. தன் தொழிலில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தீயணைப்புக் கருவிகள் விற்பவர், ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் தன் கண் முதலில் எங்கே போகும் என்று சொன்னார். பல ஆண்டுகள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அன்றுதான் அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டார்கள். அடுத்த மாதமே பள்ளிகளில் தீத்தடுப்புச் சோதனை என்ற திட்டம் பிறந்தது. அவரே அதற்குப் பொறுப்பாளர்.

ஜூன் 15

வாட்ஸ்ஆப் குழுவில் காலை வணக்கப் படங்களைத் தடைசெய்யலாமா என்று கேட்டவருக்கு: செய்யலாம். ஆனால் அந்த இடத்தில் வேலையைப் பற்றிய செய்தி வராவிட்டால் குழு மௌனமாகிவிடும். சொட்டு மருந்துப் புத்தகம் வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை இரண்டு வரி எழுதுவார். அதற்கு வரும் பதில்களைப் பாருங்கள்.

ஜூன் 19

ஜூன் மாதம் வந்துவிட்டால் எண்ணிக்கைப் பேச்சு. ஆண்டு முடிவதற்குள் இத்தனை பேர் கூட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்குதல். உடனே மைத்துனர், வாடகைக்கு இருப்பவர், கடை ஊழியர் என்று பட்டியல் நீளும். முதல் சந்தாவைச் சேர்த்துவிட்டவரே கட்டிவிடுவார். இவர்கள் விலகினார்கள் என்று கணக்கில் வருவது பொய்க்கணக்கு. அவர்கள் ஒருபோதும் சேரவே இல்லை. இப்படிச் சேர்ப்பதில் பெரிய தீமை வேறு: உண்மையான ஆர்வத்தோடு வந்த புதியவர், தன்னையும் அந்த எண்ணிக்கையில் ஒருவராகத்தான் பார்க்கிறார்கள் என்பதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்.

எண்ணிக்கை குறைவதை வேறு விதமாக எதிர்கொண்ட சங்கம் ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் எட்டு உறுப்பினர்களாகச் சுருங்கியது. 1977இல் அது மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது விதிகளில் அதற்கு இடமில்லை. 1978இல் சங்கத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரச் சாசனத்தையே ரோட்டரி தலைமை பறித்துக்கொண்டது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1989இல் ரோட்டரி உலகம் முழுவதும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அரிமாவிலும் கிவானிஸ் என்ற மற்றொரு சேவை அமைப்பிலும் 1987இலேயே அந்த மாற்றம் வந்துவிட்டது. 2022இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் ரோட்டரியின் முதல் பெண் உலகத் தலைவரானார்.

எட்டுப் பேராகிவிட்ட அந்தச் சங்கம் ‘நம் அறைக்குள் யார் இல்லை?’ என்று கேட்டுக்கொண்டது. இந்தக் கேள்வியை இன்றும் கேட்கலாம். கூட்டம் நடக்கும் நேரம் யாரை வெளியே நிறுத்துகிறது? சந்தாத் தொகை யாரை நிறுத்துகிறது? பெண்களைச் சேர்த்துவிட்டு வரவேற்பு மேசையை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விலகினால் அதற்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஜூன் 23

இளைஞர்களைப் பற்றி. அரிமாவின் இளைஞர் பிரிவான லியோ சங்கங்கள் 1957இலும் ரோட்டரியின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட் 1968இலும் தொடங்கின. இளைஞர்களுக்கென்றே உள்ள தனி அமைப்பான ஜேசிஸில் 40 வயது வரைதான். அந்த வயது நிறைந்த மறுநாள் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சி முகாம் நடத்தியவர், வரவுசெலவு பார்த்தவர், நூறு பேரை ஒருங்கிணைத்தவர். வேறு சங்கத்தில் சேர்ந்தால் அங்கே அவர் ‘புதியவர்’. பின்வரிசை நாற்காலி, மூன்று ஆண்டு காத்திருப்பு. பழைய சங்கத்தில் என்ன செய்தீர்கள் என்றுகூட யாரும் கேட்பதில்லை. இப்படி வருகிறவருக்கு முதல் மாதத்திலேயே ஒரு திட்டத்தின் முழுப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். மூத்தவர்களுக்கு வருத்தம் வரும். வரட்டும், பேசித் தீர்க்கலாம்.

ஜூன் 26

புதியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் அதிகம் கவலைப்படுவது முன்னாள் தலைவர்களைப் பற்றி.

ஓர் ஆண்டு முழுவதும் தொலைபேசி ஓயாது. எந்த விழாவுக்குப் போனாலும் முதல் வரிசை. ஜூலை 1 அன்று அடுத்தவர் பொறுப்பேற்றதும் ஒரேயடியாக அமைதி. சிலர் மறைமுகமாகச் சங்கத்தை நடத்தப் பார்க்கிறார்கள். பலர் ‘நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்’ என்று மெல்ல ஒதுங்கி, ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போகிறார்கள். தலைவர் பதவிதான் உறுப்பினராக இருப்பதன் உச்சம் என்று நாமே ஆக்கிவைத்துவிட்டால், உச்சம் தொட்டவருக்கு அப்புறம் அங்கே என்ன இருக்கிறது? சங்கத்தில் அதிகம் கற்றவர், அதிகத் தொடர்புகள் உள்ளவர், மிகக் கவனிக்கப்படாத நேரத்தில் போய்விடுகிறார்.

ஜூன் 8இல் எழுதிய நீண்டகால வேலைகளுக்கு உரியவர்கள் இவர்கள்தான். பதவி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அவரோடு உட்கார்ந்து, ‘இனி ஐந்து ஆண்டுகளுக்கு எதைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆர்ச் கிளம்ஃப் 1917இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தபோது, நன்மை செய்வதற்கென்று ஒரு நிதி வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். முதல் நன்கொடையாக வந்தது 26 டாலர் 50 சென்ட். பதவி அந்த ஆண்டோடு முடிந்தது. அந்த யோசனையை அவர் கைவிடவில்லை. 1928இல் அது ரோட்டரி அறக்கட்டளை என்று பெயர் பெற்றபோது அதன் அறங்காவலர்களுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே.

ஜூன் 29

‘நாளை மறுநாள் பொறுப்பேற்கிறேன், முதலில் என்ன செய்யட்டும்?’ என்று கேள்வி கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார்.

விழா முடிந்த வாரமே ஒவ்வோர் உறுப்பினரோடும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசத் தொடங்குங்கள். குழுவாக அல்ல, வினாத்தாள் அனுப்பியும் அல்ல. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எதைச் செய்ய விருப்பம் (இரண்டும் வேறு, கணக்காளர் எல்லா இடத்திலும் கணக்கே எழுத விரும்புவார் என்று நினைக்காதீர்கள்), மாதத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் தர முடியும். இரண்டு மணி என்றால் இரண்டு மணியே. அதற்கு மேல் இழுத்தால் அடுத்த ஆண்டு அந்த இரண்டும் இருக்காது.

அடுத்து, செயற்குழுவில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: சங்கத்தின் திட்டங்களில் ஒன்றாவது மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நடக்கும், தலைவர் மாறினாலும் அதன் பொறுப்பாளர் மாறமாட்டார், அதற்கான தொகை ஒவ்வோர் ஆண்டும் முதலிலேயே ஒதுக்கிவைக்கப்படும். இதைத் தீர்மானமாக எழுதி, இன்றைய தலைவரும் அடுத்த தலைவரும் அதற்கடுத்தவரும் கையெழுத்திடட்டும். வாய்மொழியாக விட்டால் ஜூலையில் கரைந்துவிடும்.

அந்தப் பொறுப்பாளருக்குப் பக்கத்தில் ஒரு புதியவரை வையுங்கள். மருந்துக்கடைக்காரரின் சங்கத்தில் இப்போது ஓர் இளம் பெண் உறுப்பினர் பத்தாம் நாள் அழைப்புகளை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவர் வங்கியில் வேலை பார்க்கிறார், மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவர். எந்தப் பதிலுக்குச் சிவப்பு வட்டம் போட வேண்டும் என்பதை மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நிலைப்பது பற்றி இருவரிடமும் யாரும் பேசவில்லை.

ஜூலை 4

ஒரு திருத்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், நியாயம்தான். எல்லா விலகலையும் சங்கத்தின் தோல்வியாகக் கணக்கிடக் கூடாது. குடும்பத்தில் நோய், வேலையிழப்பு, வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம், இவையெல்லாம் வரும். அப்போது உறுப்பினர் வெட்கத்தால் விலகல் கடிதம் கொடுக்கிறார், சந்தா பாக்கி என்று பெயர் வாசிப்பார்களே என்று அஞ்சி. பொருளாளரிடம் சொல்லிவையுங்கள்: பாக்கிப் பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். விடுப்பு எடுக்க விதிகளில் வழி உண்டு என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பிறருக்கு உதவச் சேர்ந்த சங்கத்தில், தனக்கு இக்கட்டு வந்தபோது ஒருவரும் கதவைத் தட்டவில்லை என்றால் அந்த வடு ஆறாது. அதற்கு மாறாக, மருத்துவமனையில் இரவு துணைக்கு இருந்த சக உறுப்பினரை யாரும் மறப்பதில்லை.

ஜூலை 6

‘எல்லாம் செய்தும் ஒருவர் போகிறேன் என்றால்?’

கடிதம் வந்த வாரத்திலேயே தலைவர் நேரில் போக வேண்டும். மனத்தை மாற்றப் போகக் கூடாது. அவர் இதுவரை செய்த வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதிய கடிதத்தைக் கையில் கொடுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் குறை எங்கே என்று செயற்குழுவுக்குத் தெரிந்துவிடும். வேறு இடத்துக்குக் குடிபோகிறார் என்றால் அங்குள்ள சங்கத்துக்கு அறிமுகம் எழுதுங்கள். கூட்ட நேரம் ஒத்துவரவில்லை என்றால் அருகில் வேறு நேரத்தில் கூடும் சங்கத்தைக் காட்டுங்கள், அது வேறு அமைப்பாக இருந்தாலும் சரி. கடைசியாக, அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இனி யார் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் அன்று மாலையே அந்த ஆளைக் கூப்பிடுங்கள்.